மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாத பொசுபரசு

எங்கள் கிழக்குப் பகுதி வயற்காரரிடம் பசளையைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பெயர்கள் வரும்: யூரியா, எம்.ஓ.பி., ரி.எஸ்.பி. யூரியா எறிந்தால் ஒரு கிழமைக்குள் வயல் பச்சை பிடிக்கும். போட்டவர் வரம்பில் நின்று கண்ணாலே பார்க்கலாம். ரி.எஸ்.பி.யின் கதை அப்படியல்ல. அதைப் போட்டாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. "அது அடிக்கட்டுப் பசளை, போட்டாத்தான் வேளாண்மை எழும்பும்" என்பார் ஒருவர். "நான் ரெண்டு போகம் போடாமத்தான் செஞ்சேன், ஒண்டும் குறையல்ல" என்பார் அடுத்தவர். இருவருமே பொய் சொல்லவில்லை. இரண்டு பேச்சும் எப்படி ஒரே வட்டைக்குள் உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன், விவசாயம் படித்தவனல்லன். ஆனால் என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் அநேகர் வயற்காரரின் பிள்ளைகள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அந்த வருட நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோது, பசளை என்பது வயலுக்குள் மட்டும் பேசப்படும் சங்கதியாக இருக்கவில்லை. புத்தகம் வாங்கும் காசும் ரியூஷன் காசும் அதோடு சேர்ந்து பேசப்பட்டன. 2005 முதல் சில வருடங்கள் 50 கிலோ மூடை 350 ரூபாய்க்கு மானியமாகக் கிடைத்த காலத்தில் எவரும் கேட்காத கேள்வியை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்: "இதைப் போடத்தான் வேணுமா?" அதற்கான பதிலைத் தேடி வாசித்தவற்றையும் விசாரித்தவற்றையும் எனக்கு விளங்கிய அளவில் இங்கே ஒழுங்குபடுத்துகிறேன்.

பெயரும் பொருளும்

பொசுபரசு கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. 1669 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற இரசவாதி, பொன் செய்யலாம் என்ற ஆசையில் மனித சிறுநீரைக் குடம் குடமாகக் காய்ச்சி வற்றவைத்தார். பொன் கிடைக்கவில்லை. இருட்டில் மினுங்குகிற ஒரு பொருள் கிடைத்தது. 'ஒளியைச் சுமப்பது' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

அவர் பிரித்தெடுத்த தூய பொசுபரசு இயற்கையில் தனியே கிடப்பதில்லை. மண்ணிலும் பயிரிலும் நம் உடம்பிலும் இருப்பது, ஒரு பொசுபரசு அணுவை நான்கு ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்திருக்கும் பொசுபேற்று. ஒவ்வொரு கலத்தையும் சுற்றியுள்ள மென்சவ்விலும், பரம்பரைச் செய்தியைக் காவும் டி.என்.ஏ. இழையிலும், கலத்துக்குள் சக்தியைக் கைமாற்றும் ஏ.ரி.பி.யிலும் இந்தப் பொசுபேற்று இருந்தே ஆக வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 700 கிராம் பொசுபரசு உண்டு. அதில் 85 சதவீதமளவு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அதன் இடத்தில் வேறொன்றை வைத்துச் சமாளிக்க எந்த உயிருக்கும் முடியாது.

நைதரசனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். நைதரசன் காற்றில் நிறைய இருக்கிறது. பயற்றையின் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியா அதைப் பிடித்துக் கொடுக்கும், தொழிற்சாலையிலும் பிடிக்கலாம். பொசுபரசுக்குக் காற்றிலே களஞ்சியம் இல்லை. பாறையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து நமக்கு: அதற்குள்ள வழி அதுதான்.

இருக்கிறது, ஆனால் கையில் இல்லை

சாதாரண வயலொன்றின் மேல் அரையடி மண்ணை எடுத்துக்கொண்டால், ஏக்கரொன்றில் சில நூறு கிலோ பொசுபரசு இருக்கக்கூடும். நல்ல விளைச்சல் தரும் நெற்பயிருக்கு ஒரு போகத்தில் வேண்டியது ஏக்கருக்கு 5 கிலோ அளவுதான். இந்தக் கணக்கைப் பார்த்தால் நூறு போகத்துக்குப் பசளையே வேண்டாம் போலத் தோன்றும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வேர் மண்ணைத் தின்பதில்லை. மண்ணில் உள்ள நீரில் கரைந்திருப்பதை மட்டுமே உறிஞ்சுகிறது. அந்த நீரில் கரைந்திருக்கும் பொசுபேற்றோ மிகச் சொற்பம். ஏக்கரொன்றின் அதே அரையடி மண்ணிலுள்ள தண்ணீர் முழுவதையும் பிழிந்தெடுத்தாலும் அதில் நூறு கிராம் பொசுபரசு தேறுவது அரிது. பயிர் தனக்குத் தேவையான 5 கிலோவைப் பெற வேண்டுமானால், போகம் முடிவதற்குள் அந்தக் கரைசல் ஐம்பது தடவைக்கு மேல் வெறுமையாகி மறுபடி நிரம்ப வேண்டும். ஆகவே மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு விரைவாக அது தண்ணீருக்குள் இறங்கி வருகிறது என்பதே முக்கியம்.

இறங்கி வரவிடாமல் பிடித்து வைத்திருப்பவை மூன்று. புளிப்பான, அதாவது அமிலத்தன்மையான மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபேற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புத்தன்மை கூடிய மண்ணில் கல்சியம் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, பீ.எச். 6 இலிருந்து 7 வரையான மண்ணிலேதான் பிடி சற்றுத் தளர்வாக இருக்கும். நாம் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற ரி.எஸ்.பி.க்கும் இதே கதிதான். போட்ட போகத்திலே பயிர் எடுப்பது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு உள்ளே. மிச்சம் மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அது அழிந்துபோவதில்லை. அடகு வைத்த நகை போல, நம்முடையதுதான், கழுத்தில் இல்லை. பிந்திய போகங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அது மீண்டு வரும்.

"ரெண்டு போகம் போடாமத்தான் செஞ்சேன்" என்றவரின் பேச்சுக்கு விளக்கம் இதுதான். இருபது முப்பது வருடம் அவரும் அவருடைய வாப்பாவும் போட்டுச் சேர்த்த முதலில் இருந்து அந்த இரண்டு போகமும் விளைந்தன.

பசித்த பயிர் சும்மா இருப்பதில்லை

கரைசலில் பொசுபேற்றுக் குறைந்தால் பயிர் என்ன செய்கிறது? கடந்த முப்பது வருடங்களில் தாவர ஆய்வு மிகவும் வளர்ந்த பகுதிகளில் இதுவும் ஒன்று.

முதலாவது, பயிர் தன் வரவுசெலவை மாற்றுகிறது. இலைக்கும் தண்டுக்கும் போக வேண்டிய மாப்பொருளில் கூடிய பங்கை வேருக்கு அனுப்புகிறது. பொசுபேற்று மண்ணில் நகர்வது மிக மெதுவாக. ஒரு நாளில் ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதிதான். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் தூரத்துக்குள் இருப்பதை எடுத்து முடித்த பின், அடுத்தது வந்து சேரும்வரை காத்திருந்தால் பயிர் செத்துவிடும். எனவே வேரே தேடிப் போக வேண்டும். வேர்மயிர்கள் நீள்கின்றன, எண்ணிக்கையில் கூடுகின்றன. அவரையினத்துப் பயிர்கள் சிலவற்றில் வேர்கள் ஆழமாகப் போவதை விட்டு மேல்மண்ணில் படர்கின்றன. பொசுபரசு அங்கேதான் கூடுதல்.

இரண்டாவது, பூட்டைத் திறக்கப் பார்க்கிறது. வேர்கள் சித்திரிக்கமிலம் போன்ற சேதன அமிலங்களை மண்ணுக்குள் கசியவிடுகின்றன. அவை இரும்பையும் அலுமினியத்தையும் தாம் பிடித்துக்கொண்டு பொசுபேற்றை விடுவிக்கின்றன. நாம் கறிக்குப் போடுகிற துவரை இதில் கெட்டிக்காரி. 1990 இல் ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த விஞ்ஞானிகள், துவரையின் வேரிலிருந்து கசியும் பிசிடிக்கமிலம், மற்றப் பயிர்களுக்கு எட்டாத இரும்புப் பொசுபேற்றைக் கரைத்தெடுப்பதைக் காட்டினார்கள். இலைகுழை உக்கி உண்டான சேதனப் பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பொசுபேற்றை வெட்டியெடுக்கும் நொதியங்களையும் பசித்த வேர் வெளியே அனுப்புகிறது.

மூன்றாவது, கூட்டாளியைக் கூப்பிடுகிறது. தரைத் தாவரங்களில் பெரும்பான்மையானவற்றின் வேரோடு ஒருவகைப் பங்கசு கூடி வாழ்கிறது. அதன் நூலிழைகள் வேர்மயிருக்கு எட்டாத தூரத்திலுள்ள பொசுபேற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குத் தாவரம் அதற்குச் சீனியும் கொழுப்பும் கொடுக்கும். நாற்பது கோடி வருடப் பழைமையான பாறைகளிலுள்ள தாவரச் சுவடுகளிலேயே இந்த உறவின் அடையாளம் உண்டு. பொசுபேற்றுக் குறையும்போது வேரானது ஸ்ரிகோலக்ரோன் என்ற பொருளைச் சுரக்கிறது. அதை உணர்ந்து பங்கசு கிளைத்து வேரை நோக்கி வளர்கிறது. பொசுபேற்றுத் தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் தாவரம் அந்த அழைப்பைக் குறைத்துவிடுகிறது. காசுக்கு வாங்கிய பசளை கூடும்போது சும்மா கிடைத்த கூட்டாளி விலகிப் போகிறான்.

அந்த ஸ்ரிகோலக்ரோனுக்கே இன்னொரு வேலையும் உண்டு. செடிக்குள்ளே அது ஓமோனாக இயங்கிக் கிளை விடுவதைத் தடுக்கிறது. பொசுபரசு போதாத நெல்லில் பக்கத்து மட்டங்கள் குறைவாக வெடிப்பது இதனால்தான். அதை நாம் நோய் என்று நினைக்கிறோம். பயிரின் கணக்கோ வேறு: பத்து மட்டத்தை வெடிக்கவிட்டுப் பத்தையும் பட்டினி போடுவதிலும், மூன்றை வெடிக்கவிட்டு மூன்றுக்கும் நெல் பிடிக்கச் செய்வது நல்லது. வீட்டில் அரிசி குறைந்தால் உம்மாமார் செய்கிற கணக்கும் இதுதானே.

நான்காவது, உள்ளதைச் சுழற்றுகிறது. முதிய இலையிலுள்ள பொசுபேற்றைக் கழற்றி இளங்குருத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் குறைபாட்டின் அடையாளம் முதலில் கீழ் இலைகளில் தெரியும். மென்சவ்விலுள்ள பொசுபரசுக் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கந்தகமோ சீனியோ சேர்ந்த கொழுப்பை வைக்கிறது. வீட்டுத் தூணைக் கழற்றி விற்றுவிட்டு வேறு மரத்தால் முட்டுக் கொடுப்பது போன்றது இது.

கறுப்புப் பச்சை காட்டும் பொய்

வயலில் இதை அடையாளம் காண்பது எளிதல்ல. நைதரசன் குறைந்தால் பயிர் மஞ்சளிக்கும், யாருக்கும் விளங்கும். பொசுபரசு குறைந்தாலோ பயிர் குட்டையாகி, இலை நிமிர்ந்து, வழமையை விடக் கடும்பச்சையாக நிற்கும். இலை வளர்ச்சி குன்றுவதால் அதே பச்சையம் சிறிய இடத்துக்குள் செறிகிறது. தூரத்தில் நின்று பார்க்கிறவர், "நல்ல கறுப்புப் பச்சையா இரிக்கி, இதுக்கு என்னத்துக்குப் பசளை" என்று சொல்லிவிட்டுப் போவார். கிட்டப் போய் மட்டத்தை எண்ணினால்தான் சங்கதி தெரியும். சோளத்தில் இலை ஓரம் ஊதா நிறமாகும். நெல்லில் கதிர் வருவதும் பிந்தும். பக்கத்து வயல் அறுவடைக்கு நிற்க, இது இன்னும் பூத்துக்கொண்டு நிற்கும்.

இந்த நிலையில் ஏதோ குறைகிறதென்று எண்ணி மேலும் யூரியாவை எறிகிறவர்கள் உண்டு. பொசுபரசு இல்லாத பயிருக்கு அந்த நைதரசனைப் பயன்படுத்தும் சக்தி இல்லை. காசு தண்ணீரோடு போகும்.

தண்ணீர் நிற்கும் வயலின் விசேடம்

நெல்லுக்கு ஒரு சலுகை உண்டு. தண்ணீர் கட்டி நின்ற மண்ணுக்குள் சில நாட்களில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அங்குள்ள பற்றீரியாக்கள் மூச்சுவிடுவதற்கு ஒட்சிசனுக்குப் பதிலாக மண்ணின் சிவந்த இரும்பைப் பயன்படுத்தும். அப்போது இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறும். அது இறுகப் பிடித்திருந்த பொசுபேற்றும் விடுதலையாகும். இதனால் அதே மண்ணில் மேட்டுநிலப் பயிருக்குப் போதாத பொசுபரசு, தண்ணீர் கட்டிய நெல்லுக்குப் போதுமாகிவிடுகிறது. அதே வயலை வடியவிட்டுக் கௌபியோ கச்சானோ போட்டால், இரும்பு மறுபடி சிவந்து பொசுபேற்றைப் பிடித்துக்கொள்ளும். நெல் நன்றாக வந்த வயலில் அடுத்த பயிர் ஏன் சோர்ந்து நிற்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு விடை.

நெல்லைப் பிடுங்கிப் பார்த்தால் வேரின் மேலே காவி நிறம் படிந்திருப்பதைக் காணலாம். நெல் தன் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்கு ஒட்சிசன் அனுப்புகிறது. அது வெளியே கசிந்து இரும்பைத் துருவாக்குகிறது. அவ்வேளை வேரைச் சுற்றியுள்ள மண் புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு இன்னும் கொஞ்சம் பொசுபேற்றைக் கரைத்துக் கொடுக்கிறது.

மண் காய்ந்து நனைவதைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நினைவுவரக்கூடிய ஓரிடம் உண்டு. உழவு என்ற அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் விளையும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்றும் சொல்கிறார். உரைகாரர் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டப் பாடுபட்டதை நாம் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறோம். காய்ந்த மண் மறுபடி நனையும்போது நீரில் கரையும் பொசுபரசு திடீரெனக் கூடுகிறது என்பதை இங்கிலாந்து மண்களை வைத்து 2001 இல் ஆய்வாளர் காட்டினர். காய்ச்சலிலும் நனைவிலும் வெடித்துச் சாகும் நுண்ணுயிர்களின் உடலிலிருந்தே அதில் பெரும்பகுதி வருகிறது. இதை வைத்து வள்ளுவருக்குப் பொசுபரசு தெரியும் என்று நான் வாதாட வரவில்லை. வயலைக் கவனித்தவர்கள் கண்ட உண்மை குறளுக்குள் பதிவாயிற்று என்று சொன்னாலே போதும். ஆனால் அப்படிக் கிடைப்பது மண்ணில் ஏற்கெனவே இருந்த முதல், புதிதாக வந்ததல்ல. ஆகவே அடுத்த குறளும் வேண்டியதுதான்.

ஓர் ஒட்சிசன் குறைந்தால்

பொசுபரசுச் சேர்வை எல்லாமே பயிருக்கு உணவாகாது. பொசுபேற்றில் நான்கு ஒட்சிசன் என்றேன். அதில் ஒன்று குறைந்தது பொசுபைற்று. பெயரில் ஓரெழுத்து மாற்றம் போலத்தான் தெரியும். வேரும் இலையும் இதைப் பொசுபேற்று என்று எண்ணியே உள்ளே எடுக்கின்றன. உள்ளே போன பின் செடியால் அதைப் பொசுபேற்றாக மாற்ற முடியாது. எனவே டி.என்.ஏ.யும் ஆகாது, சக்தியும் ஆகாது.

அதிலும் மோசமான ஒன்று உண்டு. செடிக்குள் பொசுபேற்று எவ்வளவு என்பதைக் கவனிக்கும் காவல் ஏற்பாடு இதைக் கண்டு ஏமாந்துவிடுகிறது. வயிறு காலியாக இருக்க, 'நிறைந்துவிட்டது' என்ற செய்தி போகிறது. மேலே சொன்ன வேர் நீட்டல், நொதியம் விடல் எல்லாம் நின்றுபோகின்றன. பொசுபரசு ஏற்கெனவே குறைந்த பயிருக்கு இதை விசிறினால் பட்டினி கூடும், குறையாது.

பொசுபைற்றுக்கு வேறு நல்ல பயன் இருக்கிறது. பைற்றொப்தோரா என்ற வேரழுகல் நோயை அது அடக்கும். டுரியான், அவக்காடோ மரங்களின் அடிமரத்தில் ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் காடுகளைக் காக்கவும் பயன்படுத்துகிறார்கள். மருந்தாக அது நல்லது. பசளை என்று நினைத்து வாங்கினால்தான் நட்டம். போத்தலில் பொசுபரசு என்ற பெயரைப் பார்த்தவுடன் வாங்காமல், எந்த வடிவத்துப் பொசுபரசு என்று கேட்க வேண்டும்.

மிஞ்சினால்

கூடினால் நல்லதுதானே என்றால், அதுவும் இல்லை. தென்மேற்கு அவுஸ்திரேலியாவில் உலகிலேயே பொசுபரசு மிகக் குறைந்த மண்களில் பங்சியா, ஹக்கியா போன்ற செடிகள் வளர்கின்றன. சில இனங்கள் பட்டினிக்கே பழகிப்போனதால், கூடுதலாகக் கிடைக்கும்போது உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் நஞ்சேறிச் செத்துவிடுகின்றன. அங்குள்ள தோட்டக்காரர் அவற்றுக்கென்று பொசுபரசு குறைந்த பசளையைத் தேடி வாங்குகிறார்கள்.

நம் பயிர்கள் அப்படிச் சாவதில்லை. ஆனால் பொசுபரசு மிஞ்சிய மண்ணில் நாகக் குறைபாடு தலைகாட்டும். நெல்லில் நடுநரம்பு வெளிறி, இலையில் பழுப்புப் புள்ளி விழும். நுவரெலியாப் பகுதி மரக்கறித் தோட்டங்களில் வருடக்கணக்காக அள்ளிப் போட்டதால் தேவைக்கு மிஞ்சிப் பொசுபரசு சேர்ந்திருக்கிறது. மண்ணரிப்போடு அது ஆற்றிலும் குளத்திலும் சேர்ந்தால் பாசிக்கு விருந்தாகும். குளம் பச்சையாகி, இரவில் ஒட்சிசன் குறைந்து, விடியலில் மீன் மிதக்கும். கொழும்பின் பேரை வாவி பச்சையாகக் கிடப்பதற்குக் கழிவுநீரோடு வரும் பொசுபரசும் ஒரு முக்கிய காரணம்.

பழைய நெல்லில் இருந்த அறிவு

பொசுபரசு குறைந்த மண்ணிலும் சில நெல்லினங்கள் தாக்குப்பிடிப்பதை ஆய்வாளர் முன்பே கண்டிருந்தனர். கிழக்கிந்தியப் பகுதியைச் சேர்ந்த கசலத் என்ற பழைய நெல்லில் அதற்குரிய பரம்பரை அலகைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2012 இல் இனங்கண்டு வெளியிட்டனர். அது நாற்றுப் பருவத்திலேயே வேரைப் பெருக்குகிறது. நாம் இன்று பயிரிடும் வகையைச் சேர்ந்த நவீன இனங்கள் பலவற்றில் அது இல்லை. காரணம் விளங்கக்கூடியது: நவீன இனங்கள் பசளை நிறைந்த பரிசோதனை வயல்களில் தெரிந்தெடுக்கப்பட்டவை. பசிக்காத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பசியைச் சமாளிக்கும் வித்தை வேண்டியிருக்கவில்லை. பழைய நெல் விதைகளைப் பேணுவது வெறும் பழம்பெருமைக்காக மட்டுமல்ல என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

பாறையும் எலும்பும்

இன்று நாம் போடும் பொசுபரசுப் பசளையின் மூலம் பாறை. 1842 இல் இங்கிலாந்தின் ஜோன் லோஸ், எலும்பையும் பொசுபேற்றுப் பாறையையும் கந்தக அமிலத்தில் கரைத்துச் சுப்பர் பொசுபேற்றுச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உலகில் அறியப்பட்ட பொசுபேற்றுப் பாறை இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொரோக்கோவின் கையில் இருக்கிறது. எண்ணெய்யைப் பற்றிப் பேசுகிற நாம், நம் சோற்றுக்கு இன்னும் நெருக்கமான இந்தப் பாறையைப் பற்றிப் பேசுவதில்லை.

நம் நாட்டிலும் ஒரு படிவு உண்டு. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971 இல் அப்பற்றைற்றுப் படிவு கண்டறியப்பட்டது. அதைப் பெருமளவில் அகழ வெளிநாட்டுக் கம்பனியொன்றோடு செய்யவிருந்த உடன்படிக்கையை எதிர்த்து அவ்வூர் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2000 இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இயற்கை வளத்தை அரசு மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கிறது என்ற கருத்தை வலியுறுத்திய தீர்ப்பாக அது இன்றும் பேசப்படுகிறது.

எப்பாவலைப் பாறைத் தூள் தண்ணீரில் இலேசில் கரையாது. தேயிலைத் தோட்டத்துப் புளித்த மண்ணில், பல வருடம் நிற்கும் பயிருக்கு அது மெல்ல மெல்லக் கரைந்து உதவும். மூன்றரை மாதத்தில் அறுக்கும் நெல்லுக்கு, அதுவும் புளிப்புக் குறைந்த வயலில், அது கரைந்து முடியுமுன் போகம் முடிந்துவிடும். "நம்மட நாட்டிலயே கல் இரிக்கக்குள்ள என்னத்துக்கு வெளியால இருந்து எடுக்குற" என்ற கேள்விக்கு விடை, கல் இருப்பது போதாது, அதைக் கரைத்தெடுக்கும் தொழிற்சாலை வேண்டும் என்பதுதான்.

பாறைக்கு முந்தியவர்கள் கையிலிருந்ததைச் சுழற்றினார்கள். ஈரானின் இஸ்பஹானில் சபவியர் காலத்தில் கட்டிய புறாக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான புறாக்களைக் குடியிருத்தி அவற்றின் எச்சத்தை அள்ளி வத்தகைத் தோட்டங்களுக்குப் போட்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தம் விவசாய நூலில் எருவகைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம் ஊர்களில் ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாக் கொடுத்தபின் எலும்புகளை என்ன செய்கிறோம்? குழி வெட்டி ஓரிடத்தில் மூடுகிறோம், அல்லது வீதியோரத்தில் நாய்க்கு விடுகிறோம். எலும்பு என்பது பெரும்பாலும் கல்சியம் பொசுபேற்று. சுட்டு நொறுக்கித் தென்னைக்கும் பழமரத்துக்கும் போட்டால் அதில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பும். பள்ளிவாசல் நிருவாகங்கள் மனம் வைத்தால் இது பெரிய காரியமல்ல.

அரை மூடைக் கணக்கு

கடைசியாகக் காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு தொன் நெல் விளைவதற்கு மண்ணிலிருந்து எடுபடும் பொசுபரசு 2 முதல் 3 கிலோ. மூடையொன்று 65 கிலோ என்று வைத்தால், ஏக்கருக்கு 30 மூடை என்பது ஏறக்குறைய 2 தொன்; அதோடு போவது 5 கிலோ அளவு. 50 கிலோ ரி.எஸ்.பி. மூடைக்குள் உண்மையான பொசுபரசு 10 கிலோதான். அதாவது அரை மூடை போட்டால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகும். வைக்கோலை வயலில் விடுவது நல்லது. ஆனால் அதனால் திரும்புவது பொற்றாசியமே கூடுதல். பொசுபரசின் பெரும்பங்கு நெல்மணியோடு ஆலைக்குப் போய்விடுகிறது.

மண் பரிசோதனையில் பொசுபரசு நிறைய இருக்கிறது என்று வந்தால், ஓரிரு போகம் நிறுத்தியோ குறைத்தோ பார்க்கலாம். அந்தக் காசு வீட்டுக்கு உதவும். குறைவு என்று வந்தால் போட்டே ஆக வேண்டும். அதுவும் விதைப்புக்கு முந்தி மண்ணோடு கலந்து. நாற்று வேர் சிறியது, பொசுபேற்று நகராதது. பயிர் முற்றிய பின் மேலே எறிவது வரம்புக்குப் போட்ட மாதிரி. கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் மண் மாதிரியை எப்படி எடுப்பது என்று கேட்டால் சொல்வார்: ஓரிடத்து மண்ணையல்ல, வயலின் பல இடத்து மண்ணையும் எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும்.

போடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு பதில் இல்லை. வரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு பதில், அந்தப் பக்கம் ஒரு பதில். போடாமல் விளைந்த போகம் முன்னவர் சேர்த்த முதலைத் தின்று விளைந்தது என்பதையும், அளவுக்கு மீறிப் போட்டது குளத்துப் பாசிக்குப் போகும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த பெரும்போகத்துக்கு முந்தி ஒரு பை மண்ணை எடுத்துக் கொண்டுபோய்ப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.